ஒரு குவளைத் தண்ணீர்



தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களையும் நாம் வலம் வருகின்றோம். ஐந்தாம் தலத்தில் நிற்பவர் சிரேனே ஊரினரான சீமோன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த குடியானவர் அவர். பிடித்து இழுத்து, ஆண்டவருடைய சிலுவையை அவர் தோள்மேல் ஏற்றினார்கள். அவர் ஏதேனும் பேசினாரா? ஆண்டவருக்கு ஆறுதல் மொழி சொன்னாரா? பொறுமையைப் பற்றி உபதேசம் செய்தாரா? நற்செய்தியாளர் எவரும் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லையேனும் எழுதி வைக்கவில்லை. தோள் கொடுத்தார் என்பதோடு அவர் வரலாறு முடிந்துவிடுகிறது.

அந்தத் தலத்தின் முன் முழந்தாளிடும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியும், கை எழாமல் இருந்தது. காரணம், அந்தக் கதையில் நமக்குப் பெருமை சேர்க்கும் செய்தி எதுவுமில்லை. அவருடைய பெயரும் ஊரும் இங்கு வேண்டா. அவர் குடும்பத்தார் இத்தகைய ஏடுகளை வாசிப்பவர்கள். பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. குருமடத்தில் கற்ற சட்டதிட்டங்களெல்லாம் புத்தம் புதிதாய் நாவின் நுனியில் இருந்த காலம். ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் ஆண்கள் சிலர் கதவோரம் நின்றுகொண்டே இருப்பதைக் கண்டு நமக்குச் சினம் மூண்டது. ஒரு ஞாயிறன்று பிரசங்கத்தில் அதை வெளிப்படையாகவே கண்டித்தோம். ஆண்டவர் அப்பத்தில் எழுந்தருளும் நேரத்திலும் மடங்காத முழங்கால் வேறு எதற்காக மடங்கப்போகிறது என்று கேட்டோம். மக்கள் தலை குனிந்தார்கள். பிரசங்கம் நன்கு எடுபட்டது என்று நாமும் மகிழ்ந்து போனோம்.

அதற்குப் பின் ஐந்தாறு ஞாயிறுகள் கழிந்தன. உபதேசியார் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "சாமி, இன்னார் இப்போது பூசைக்கு வருவதில்லை. வீட்டில்தான் இருக்கிறார். ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்" என்றார். நற்கருணையை எடுத்துக்கொண்டு, உபதேசியாரோடு மிதிவண்டியில் சென்றோம். ஓட்டு வீடு. முன்னால் புளியமரம். திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன் விளிம்பில் அவர் அமர்ந்திருந்தார். நாம் பக்கவாட்டிலிருந்து அழைத்தபோது அவர் தலையைத் திருப்பவில்லை; தலையை மட்டும் திருப்ப அவரால் முடியாது! கட்டிலைப் பிடித்து எழுந்து, உடல் முழுவதையும் திருப்பித்தான் நம்மைப் பார்த்தார். முதுகு முன்புறமாக வளைந்து இறுகியிருந்தது. முழங்கால்கள் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டன. நீளவும் செய்யா, மேலும் மடங்கவும் செய்யா. எழுபது வயதிருக்கும் என்று எண்ணினோம். ஐம்பத்து நான்கு என்று பிற்பாடு தெரிந்தது.

கதவோரம் நின்றிருந்த ஆண்களில் அவரும் ஒருவர்.

திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிமுறைகளை நாம் படித்திருந்தோம். எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிடவேண்டும் என்று கூறும் அதே இடத்தில், உடல்நலக் குறைவினாலோ இட நெருக்கடியினாலோ இயலாதவர்களுக்கு விலக்கும் தரப்பட்டிருக்கிறது. அத்தகையோர், குரு முழந்தாள்படியிடும்போது ஆழ்ந்து தலைவணங்கினால் போதும். தாயாகிய திருச்சபை முன்னரே யோசித்து வைத்திருந்த இந்த இரக்கத்தை நாம் பீடத்திலிருந்து சொல்லவில்லை. அவரோ தலைவணங்க வேண்டிய தேவையும் இல்லாதவர். எந்நேரமும் வணங்கிய கோலத்திலேயே அல்லவா இருந்தார்!

அப்போதேனும் நாம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. நற்கருணை வழங்கிய பின், "ஐயா, இது ஆண்டவர் உங்களுக்கு மனமுவந்து தந்த சிலுவை. முணுமுணுக்காமல் சுமந்தால் மோட்ச பாக்கியம் உண்டு" என்று ஆறுதல் கூறினோம். அவர் "சரிங்க சாமி" என்றார். சித்திரை வெயிலில் வந்ததால் நா வறண்டிருந்தது. பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தோம். பக்கத்தில் நின்ற ஏழெட்டு வயதுப் பேரன் அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எங்கூருத் தண்ணிங்களா சாமி?" என்று அவர் கேட்டார்.

"இல்லை ஐயா, தருமபுரியிலிருந்து கேனில் வருவது."

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "மீதி இருந்தா இந்தப் பையனுக்குக் கொடுங்க சாமி. எங்க தண்ணி இவன் பல்லுல ஏறிடுச்சு. எலும்புல ஏறங்காட்டியும்..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பேரன் சிரித்தான். அவன் பற்களில் வெண்மையும் பழுப்புமாய்க் கோடு கோடாகக் கறை படிந்திருந்தது.

நாம் அந்தப் பங்கில் பொறுப்பேற்ற நாளன்று, முன்னிருந்த சுவாமியார் சாவிக்கொத்தை நம் கையில் தந்துவிட்டு, "இவ்வூர்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல்லும் எலும்பும் கெட்டுப்போகும்" என்று எச்சரித்திருந்தார். அன்றிலிருந்து நமக்கெனத் தனியே தண்ணீர் வரவழைத்துக்கொண்டிருந்தோம். நம்மைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தச் செய்தி நமக்குத் தெரிந்திருந்தது. அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த நானூறு குடும்பங்களைப் பற்றிய செய்தியாக அது நம் மனத்தில் ஒரு நாளும் உறைக்கவில்லை. ஒருவர் எலும்பில் ஏறிய நஞ்சை ஆண்டவர் தந்த சிலுவை என்று அழைத்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே நல்ல தண்ணீரைக் குடித்தோம்.

யார் செய்த பாவம்?

அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட முதல் கேள்வி, இவன் குருடனாய்ப் பிறக்கக் காரணமான பாவம் இவனுடையதா, இவன் பெற்றோருடையதா என்பது. அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் அங்கேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கண்தான் தெரியாதே தவிர, காது கேட்குமே! ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். மறுத்துவிட்டு, தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்துக்கு அனுப்பினார். கேள்விக்கு விடை ஒரே வாக்கியத்தில் முடிந்தது. மீதியெல்லாம் கை வேலை.

அந்தச் சீடர்களின் கேள்வி நம் ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. இந்த மனிதரைப் பற்றிப் பிற்பாடு விசாரித்தபோது ஒருவர், "தகப்பனார் செய்த வினை" என்றார். மற்றொருவர், எல்லைக்கல்லை மாற்றி நட்டதற்கு விழுந்த சாபம் என்றார். இன்னொருவர், குடிப்பழக்கமாக இருக்கும் என்று சொன்னார். அவரோ வாழ்நாளில் கள்ளைத் தொட்டவரல்லர். கறைபடிந்த பல்லுக்காகப் பெண்பிள்ளைகளை வேண்டாம் என்று ஒதுக்கிய மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர்! பிறர் துன்பத்துக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு ஒருவித நிம்மதி பிறக்கிறது. அவன் செய்தான், அவன் அனுபவிக்கிறான். நாம் செய்யவில்லை, நமக்கு வராது. துன்புறுபவனுக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

யோபுவின் நண்பர்களை நாம் ஏளனமாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆயினும் அவர்களுக்குரிய நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். யோபுவைக் கண்டதும் அவர்கள் ஓலமிட்டு அழுதார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவனுடைய வேதனை எவ்வளவு கொடியது என்று கண்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஏழு நாள் அளவும் அவர்களைக் காட்டிலும் சிறந்த நண்பர் எவரும் இருந்திருக்க முடியாது. எட்டாம் நாள் வாய் திறந்தார்கள். அங்கேதான் கெட்டது! இறைவனுக்காக வழக்காடுவதாய் எண்ணிக்கொண்டு யோபுவைக் குற்றவாளியாக்கினார்கள். இறுதியில் இறைவன் சினந்தது யோபுவை அன்று, தமக்காக வாதாடிய அந்த நண்பர்களையே. குருமடத்தில் இந்நூலைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாம். ஆனால் அந்தத் திண்ணையில் ஏழு நாள் வேண்டாம், ஏழு நிமிடம்கூட நாம் சும்மா இருக்கவில்லை.

பெற்ற வயிறு

நற்செய்தி நூல்களில் ஆண்டவர் மனமிரங்கினார் என்று வரும் பல இடங்களில் கிரேக்க மூலத்தில் ஒரு தனிச் சொல் ஆளப்படுகிறது. குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வினைச்சொல் அது. நயீன் ஊர்க் கைம்பெண் தன் ஒரே மகனைப் பாடையில் கொண்டுபோனபோதும், பசித்த மக்கள் கூட்டத்தைக் கண்டபோதும் ஆண்டவருடைய குடல் கலங்கியது என்றே பொருள். அவர் சொன்ன உவமைகளிலும் மூவருக்கு மட்டுமே இச்சொல் வருகிறது: கடனை மன்னித்த அரசன், ஊதாரி மைந்தனின் தந்தை, சமாரியன். எபிரேய மொழியிலோ இரக்கத்தைக் குறிக்கும் சொல் தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு அகராதி வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் நம் தாய்மார்கள், "பெற்ற வயிறு பற்றி எரிகிறதே" என்றல்லவா கதறுகிறார்கள்! மனத்தில் எழும் ஒரு மெல்லுணர்ச்சியை, மேலிருந்து கீழே சிந்தும் பச்சாத்தாபத்தை, விவிலியம் இரக்கம் என்று அழைக்கவில்லை. வயிற்றைப் பிசையவேண்டும், பிசைந்தால் கால் தானே நடக்கும், கை தானே நீளும். தொழுநோயாளன் ஒருவன் மண்டியிட்டு வேண்டியபோது ஆண்டவர் முதலில் கை நீட்டி அவனைத் தொட்டார், பிறகே அவன் குணமானான். இந்த வரிசை முக்கியமானது. குணமான பின் தொடுவதற்கு எவரும் முன்வருவர்.

அப்படியானால் துன்பத்தைச் சிலுவை என்று சொல்வதே தவறா எனக் கேட்பீர்கள். தவறன்று. தம் உடலில் படும் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து மகிழ்வதாகச் சின்னப்பர் கொலோசையருக்கு எழுதினார். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பானவர் 1984ஆம் ஆண்டு பெப்ருவரி 11ஆம் நாள், லூர்து மாதா திருநாளன்று, மனிதத் துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி ஒரு திருமடலே வரைந்தார். 1981ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் குண்டடிபட்டு, சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர் அவர். சின்னப்பரும் சரி, பாப்பானவரும் சரி, தம் தோளில் தாமே சுமந்த ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். நோயாளி தன் நோயைச் சிலுவை என்று சொன்னால் அது செபம். நலமாயிருப்பவன் அதை அவனிடம் சொன்னால்? நாம் அறிந்தவரையில், பெரும்பாலும் அது விடைபெற்றுச் செல்வதற்கான வழியாகவே இருக்கிறது. அத்திருமடலின் இறுதிப் பகுதி முழுவதும் நல்ல சமாரியனைப் பற்றியது என்பதையும் மறக்கலாகாது. துன்பத்தை ஏற்றுக்கொள்வதைப் பற்றி அவ்வளவு எழுதிய பாப்பானவர், பிறர் துன்பத்தைக் கண்டு வாளாவிருப்பதற்கு அங்கே இடம் வைக்கவில்லை. 1992ஆம் ஆண்டில் அதே பெப்ருவரி 11ஆம் நாளை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தியவரும் அவரே.

மண்ணுக்குள் இருக்கும் நஞ்சு

நிற்க. அந்த மனிதரின் எலும்பில் ஏறியது என்ன? மருத்துவர்கள் இதற்குப் புளோரோசிஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் தருமபுரி மாவட்டத்தின் அடியில் கிடப்பது மிகப் பழைமையான கடும்பாறை. அப்பாறையிலுள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் மெல்லக் கரைகிறது. மழை குறைந்து, மேல்மட்டக் கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறு தோண்டத் தோண்ட, பாறையின் இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த நீர் மேலே வருகிறது. பல இடங்களில் அத்தகைய நீரில் இவ்வுப்பு மிகுதி. தாகம் தீர்க்கவென்று நல்லெண்ணத்தோடு போட்ட கைப்பம்புகள் சிலவற்றிலிருந்தே இந்தத் தீங்கும் வந்தது.

ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மிஞ்சினால், பல் உருவாகும் பருவத்துக் குழந்தைகளுக்குப் பற்களில் கறை படியும். மிக அதிகமான அளவில் பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பு தடித்து, மூட்டுகள் இறுகி, முதுகெலும்பு ஒரே கழிபோல் ஆகிவிடும். இறுகிய எலும்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. வராமல் தடுப்பதுதான் வழி. இது புதிதாய்க் கண்ட நோயுமன்று. அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இவ்வாறு முடங்கிய குடியானவர்களைப் பற்றி ஷார்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

இந்த நீர் உவர்க்க வேண்டும் என்பதில்லை, நாறுவதுமில்லை. கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆகவே நம் தாய்மார்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: கொதிக்க வைப்பதால் புளோரைடு போகாது. கிருமி சாகும், நீர் சுண்டச் சுண்ட உப்பின் அளவு கூடத்தான் செய்யும். இந்த நீரில் கிண்டிய களியிலும் வடித்த சோற்றிலும் அது சேர்ந்துகொள்கிறது. கேழ்வரகிலும் முருங்கைக் கீரையிலும் பாலிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து இதன் தீங்கை ஓரளவு குறைக்கும் என்பது ஆறுதல். கேழ்வரகைக் கைவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறியதில் நம் மாவட்டம் இழந்தது கொஞ்சமன்று. அது வேறு கதை.

எரிக்கோவின் ஊற்று

அரசராகமத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. எரிக்கோ நகரத்தார் எலிசேயு இறைவாக்கினரிடம் வந்து, ஊர் நல்ல ஊர்தான், தண்ணீர்தான் கெட்டது, நிலமும் பலன் தருவதில்லை என்று முறையிடுகிறார்கள். நம் பென்னாகரத்தாரும் பாலக்கோட்டாரும் சொல்வது போலவே இருக்கிறது! எரிக்கோவைத் திரும்பக் கட்டுபவன் சபிக்கப்பட்டவன் என்று யோசுவா முன்னொரு காலத்தில் ஆணையிட்டுக் கூறியிருந்தார். எலிசேயு நினைத்திருந்தால் அந்தப் பழைய சாபத்தை எடுத்துக்காட்டி, மூதாதையர் செய்த வினை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சாபத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒரு புதுப் பாத்திரத்தில் உப்புக் கொண்டுவரச் சொன்னார். நீர் புறப்படும் ஊற்று இருந்த இடத்துக்கே நடந்து போனார். அங்கே உப்பைக் கொட்டினார். தண்ணீர் நலமானது.

ஊற்று இருக்கும் இடத்துக்கே நடந்து போனார் என்ற அந்தச் செய்தியை, திண்ணை நிகழ்ச்சிக்குப் பின் ஓரிரவு படிக்க நேர்ந்தது. அதற்கு முன்னும் பலமுறை படித்திருக்கிறோம். அன்றுதான் அது கண்ணில் பட்டது. நல்ல சமாரியனும் எரிக்கோ செல்லும் அதே சாலையில்தான் கீழே இறங்கினான். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம், அதாவது இரண்டு நாள் கூலி கொடுத்தான், செலவு மிஞ்சினால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். கணக்குப் பார்த்தால் அவன் பேசிய பேச்சு அவ்வளவே. அதுவும் சத்திரக்காரனோடு, பணத்தைப் பற்றி.

நாம் என்ன செய்தோம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறன்று பிரசங்க மேடையில் நின்று, முன்பு பேசியது தவறு என்று மக்களிடம் சொன்னோம். அது கடினமாகத்தான் இருந்தது. முழந்தாளிட இயலாதவர்களுக்கென்று ஆலயத்தின் முன்வரிசையில், தூணருகே, கைப்பிடி வைத்த பெஞ்சு ஒன்றைத் தச்சரிடம் செய்து போட்டோம். பெரியவரை மாட்டுவண்டியில் அழைத்து வர இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் அவர் வர மறுத்தார். கதவோரமே தமக்குப் போதும் என்றார். மூன்றாம் வாரம் வந்தார்.

பிறகு தண்ணீர். ஊரிலிருந்த ஒவ்வொரு கிணற்றிலும் கைப்பம்பிலும் நீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்று சோதிக்க ஏற்பாடு செய்தோம். மரியாயின் சேனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று போத்தல் சேகரித்தார்கள். இந்து சகோதரர் வீடுகளிலும் சேகரித்தார்கள். தண்ணீருக்கு மதம் ஏது? முடிவு வந்தபோது எல்லாக் கிணறும் கெட்டவை அல்ல என்று தெரிந்தது. ஊருக்குக் கிழக்கே, எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு பழைய திறந்த கிணற்றில் நீர் வரம்புக்குள் இருந்தது. குடிக்கவும் சமைக்கவும் அங்கிருந்து, குளிக்கவும் துவைக்கவும் பம்பிலிருந்து என்று ஊரார் பிரித்துக்கொண்டார்கள். சிலர் பிரித்துக்கொள்ளவில்லை, அரை மைல் நடக்கவேண்டுமே. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003ஆம் ஆண்டில் சட்டம் வந்தபோது, ஆலயக் கூரையில் விழும் மழையை ஒரு தொட்டியில் பிடித்தோம். மழைநீரில் புளோரைடு இல்லை எனலாம். தொட்டி நிறைந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு வரும். அந்நாள்களில் மழைதான் எங்கே பெய்தது?

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி, தெளியவைத்து வடிகட்டும் நல்கொண்டா முறையையும் செய்து பார்த்தோம். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் கண்ட முறை அது. அளவு சரியாக இருந்தால் பயன் தரும். நம் ஊரில் மூன்று மாதம் நடந்தது. நாள்தோறும் அளந்து போட்டுக் கலக்க, களையெடுத்துவிட்டு அந்தி சாய வீடு திரும்பும் பெண்ணுக்கு நேரம் ஏது? வாளிகள் மெல்ல மெல்ல மாட்டுத் தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்காக எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்த அளவுக்கேனும் நாம் கற்றிருந்தோம்.

மாவட்டம் முழுவதற்குமான விடை காவிரியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2013ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. புளோரோசிஸ் பாதிப்பைக் குறைத்தல் என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருக்கிறது. எத்தனையோ பொறியாளர்களும் அதிகாரிகளும் கூலியாள்களும் சேர்ந்து செய்த வேலை. இவர்களுள் பெரும்பாலோர் விவிலியத்தைத் திறந்தும் பார்த்திராதவர்கள். ஆயினும், இச்சிறியவர்களுள் ஒருவனுக்கு ஒரு குவளைக் குளிர்ந்த நீரேனும் தருபவன் கைம்மாறு பெறாமல் போகான் என்று ஆண்டவர் சொன்ன கணக்கில் அவர்களும் சேர்ந்திருப்பார்கள் என்றே நாம் நம்புகின்றோம்.

பெரியவர் அந்தக் குழாய்த் தண்ணீரைப் பார்க்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இறைவனடி சேர்ந்தார். நாம் வேறு பங்குக்கு மாற்றலாகியிருந்தாலும், செய்தி கேட்டு அடக்கத்துக்குச் சென்றோம். நோயில் பூசுதல் பெற்று, நல்ல மரணம் அடைந்தார் என்றார் அவ்வூர்ப் பங்குத்தந்தை. வளைந்த உடலைப் பெட்டியில் நேராகக் கிடத்த இயலாமல், ஒரு பக்கமாக, தூங்கும் பிள்ளையைப் போலக் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி நம்மைக் கண்டதும், "சாமி, கடைசி வரைக்கும் அந்தப் பெஞ்சிலதான் உக்காந்தாருங்க" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையாரின் பக்கத்தில், தரையில், மாலை வரை அமர்ந்திருந்தோம்.

ஒகேனக்கல் குழாய் வந்த ஊர்களிலும், நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே குடத்தோடு போகும் குடும்பங்களை நாம் இப்போதும் காண்கின்றோம். ஆதலால் இம்மாத இறுதி ஞாயிறன்று நம் பங்கிலும் கிளைக் கிராமங்களிலும் நீர்ச் சோதனைக்கு மறுபடி ஏற்பாடு செய்திருக்கின்றோம். கண்ணாடிப் போத்தல் வேண்டா. சுத்தமான பிளாஸ்டிக் போத்தலே இதற்கு ஏற்றது. பம்பைச் சற்று நேரம் அடித்து விட்டபின், அதே நீரால் இரண்டு மூன்று முறை போத்தலை அலசி, ஒரு லிட்டர் நிறைத்து மூடிக்கொண்டு வாருங்கள். எந்த ஊர், எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அன்று, முதன்முதலாகப் போத்தல்கள் சேகரித்த நாளில், பெரியவரின் பேரன் கொண்டுவந்த போத்தலில் ஊர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 'தாத்தா குடிச்ச தண்ணி' என்று மட்டும் எழுதியிருந்தான்.